சித்தி திறந்துவைக்கும் கண்கள்

நான் ஊர் சுற்றிப் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, சித்தி யாரோ ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் கண்களைத் திறந்துகொண்டிருந்தாள். தோளில் பையோடு நான் வாசலில் நின்றேன். அவள் முகம் கம்ப்யூட்டர் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

"பத்திரமா போயிட்டு வாடி. இந்த மனுஷன் போட்டோ எடுக்கற நேரம் பாத்துத் தூங்கியிருக்கார். ஒரு கண்ணு முடிஞ்சுது."

ஸ்டுடியோக்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பது சித்தியின் வேலை. குரூப் போட்டோவில் யாராவது இமைத்திருந்தால், அதே ஆளின் வேறு படத்திலிருந்து விழிகளை எடுத்து வைப்பாள். ஒட்டுப்போட்டது தெரியாது. பரு, தழும்பு, வழுக்கை எல்லாவற்றுக்கும் அவளிடம் வைத்தியம் உண்டு. மச்சத்தை மட்டும் தொடமாட்டாள். "அதை எடுத்தா பெத்த அம்மாவே யாருன்னு கேப்பா."

வேலையில் இறங்கிவிட்டால் மூக்கு திரையில் முட்டும்; இமை அசையாது. சாயங்காலம் கண்கள் கோவைப்பழம். "மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குடி" என்று ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வாள். மறு கை மௌஸைத் தேடும். குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம் சித்தப்பா சமையலறையிலிருந்து "இமை!" என்று கத்துவார்.

"ஊரான் கண்ணையெல்லாம் தொறக்கறா. தன் கண்ணை மூடத் தெரியல."

"உங்களைக் கட்டிக்கிட்டப்ப மூடியிருந்தது போதாதா?"

கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இப்படிக் காயவிட்டால் கருவிழியில் புண் வரும், அப்புறம் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். மணிக்கொரு தரம் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். சித்தியால் முடியவில்லை. "இருட்டுல சும்மா உக்கார நான் என்ன திருடியா?" சரி, தூரத்தையாவது பார் என்று பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எதிர்வீட்டில் துணி உலர்த்திய பெண்மணியை உற்றுப் பார்த்தாள். "இடது தோளைக் கொஞ்சம் எறக்கிவிடணும்" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றினேன். நான் அனுப்பிய போட்டோக்களைத் திருத்தித் திருப்பி அனுப்புவாள்; அவளிடமிருந்து வந்ததெல்லாம் அவைதான். வீடு திரும்பும் ரயிலில் இருந்தபோது, முதல்முறையாகப் போனில் அவள் குரல்பதிவு வந்தது.

"ஒரு கண்ணுல புண்ணு வந்துடுச்சுடி. ஆறிடுச்சு, பயப்படாதே. டாக்டர் வேலை பாக்கலாம்னுட்டார். ஆனா மணிக்கொரு தரம் மூடியே ஆகணுமாம். இப்பவும் மூடிக்கிட்டுதான் பேசறேன், சத்தியமா. நேரமே நகரமாட்டேங்குது. வந்து சேர்ற வரைக்கும் நீ பாத்த ஊரையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வாயால சொல்லி அனுப்பு. போட்டோ மட்டும் அனுப்பாதே, தொறந்துடுவேன்."