கமலவேணி கேட்ட சத்தம்

கமலவேணிக்குக் காது கூர்மை என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அவள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே காது, அது அவளுடைய காது என்பதுதான் முழு உண்மை.

அவள் அப்பா அய்யாக்கண்ணு அரியலூரில் டிங்கர் பட்டறை வைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கேயாவது முட்டிக்கொண்டு வந்து நிற்கும். முப்பது வருஷம் சுத்தியலால் தட்டித் தட்டி அவற்றை நிமிர்த்தியதில் லாரியெல்லாம் நேராகிவிட்டது, அவர் காது போய்விட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். பெரம்பலூரில் செத்துப்போன டாக்டர் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் ஆமை மாதிரி ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கார் கிடந்தது. முன்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டாக்டர் சம்சாரம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டாள். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்.

கமலவேணியின் அம்மா சிந்தாமணி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே பெட்ரோல் டேங்கும் ஒரு கிழிந்த சாக்கும் இருந்தன.

"கூறுகெட்ட மனுசன்! எஞ்சினே இல்லாத வண்டியைப் போயி இழுத்தாந்திருக்கீங்களே! எவனோ கழட்டிக்கிட்டுப் போயிட்டான்!"

அய்யாக்கண்ணு சிரித்துக்கொண்டே அவளைப் பின்பக்கம் இழுத்துப்போனார். எஞ்சின் அங்கே இருந்தது. "இதுக்கு ரேடியேட்டரும் கெடையாது, தண்ணியும் கெடையாது. காத்துதான் இதுக்குச் சோறு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், காது கேட்காதவர் பேச்சு அப்படித்தானே இருக்கும். பின்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருந்த கீற்றுத் துளைகளை மகளுக்குக் காட்டினார். "இதுதான் இதோட மூக்கு, கண்ணு. மூக்கைப் பொத்துனா மனுசன் என்னாவான்? அதேதான் இதுக்கும்."

அதிலிருந்து அஞ்சு வருஷம் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கார்தான். அய்யாக்கண்ணு துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுசு வைத்துப் பற்றவைப்பார். சிந்தாமணி திட்டிக்கொண்டேதான் சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்து ரெக்சின் தைத்தாள். தைத்த தையலைப் பார்த்தால் திட்டினவள் தைத்தது மாதிரி இருக்காது. கமலவேணி பத்தாவது முடித்து வீட்டில் இருந்தாள். உப்புத்தாளை நனைத்து நனைத்துக் கதவைத் தேய்த்தே அவள் கைரேகை அழிந்துபோயிற்று.

எஞ்சின் முதன்முதலாக உயிர் பெற்ற அன்றைக்குத்தான் அவளுடைய அருமை தெரிந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். அப்பாவின் வலது காதில் கத்தினாள்: "மூணாவது சிலிண்டர்ல டிக்கு டிக்குனு தட்டுதுப்பா!" அய்யாக்கண்ணு திருகினார். "இப்ப?" "நின்னுடுச்சு!" அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் அவள் பட்டறைக்குள் வந்தாலே, "என் காது வந்துடுச்சு" என்பார். ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார்: "ஊர்ல எவன் பொய் சொன்னாலும் பொழைச்சுக்கலாம் கண்ணு. சொந்தக் காது பொய் சொன்னா மனுசன் கெட்டான்."

அந்தப் பேச்சை அவள் எங்கே காப்பாற்ற வேண்டியிருந்தது தெரியுமா? திருச்சி ஆஸ்பத்திரியில். ரெண்டு வருஷமாக அவருக்கு மூச்சு இளைப்பு. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னார். அய்யாக்கண்ணு டாக்டரைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். பெற்ற அப்பன் சாகப்போகிறதை ஒரு பெண் கத்திச் சொல்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. அவள் சொன்னாள். "ஒரு வருசம் தாங்குறதே பெருசுங்கிறாருப்பா."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சொன்னார். "உனக்குக் கல்யாணத்தைப் பண்ணிடணும். நம்ம வண்டியில நானே ஓட்டிக்கிட்டுப் போயி, உம் மாமியா வூட்டு வாசல்ல உன்னை எறக்கி விடணும். அம்புட்டுதான். அதுக்கப்புறம் வர்றது வரட்டும்."

எண்பத்து மூணு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ராசாங்கம், வேப்பந்தட்டையில் விவசாயம். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் அரியலூரில் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் பால்வெள்ளை நிறத்தில் கார் பட்டறையிலிருந்து வந்து நின்றது. கூட்டம் வாயைப் பிளந்தது. அய்யாக்கண்ணு புது வேட்டி, தலையில் துண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தாய்மாமன் உத்திராபதி வந்தார். ஆண்டிமடத்தில் முந்திரித்தோப்பு வைத்திருக்கிறவர், சிந்தாமணிக்கு அண்ணன். அவர் பங்குக்கு ஒரு பூப்பலகை செய்து கொண்டுவந்திருந்தார். மூங்கில் தட்டியில் வாழைமட்டையை நெருக்கி வைத்து, அதன்மேல் சாமந்தியும் அரளியும் தைத்து, 'ராசாங்கம் கமலவேணி' என்று பூவிலேயே எழுதியிருந்தது. கல்யாணக் காருக்குப் பேர்ப் பலகையைப் பின்னால்தானே கட்டுவார்கள்? அவரும் பின்னால்தான் கட்டினார். கண்ணாடிக்குக் கீழே, கச்சிதமாக, கயிற்றை இறுக்கி. முன்னால் உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணு அதைப் பார்க்கவில்லை.

கமலவேணி பார்த்துவிட்டாள். "அம்மா, அந்த மூக்கு..." என்று ஆரம்பித்தாள். சிந்தாமணி அவள் கையைக் கிள்ளினாள்.

"வாயை மூடு. தாலி ஏறியாச்சு. மாமியா வூட்டு நெலைப்படி தாண்டுற வரைக்கும் தலை நிமிரக் கூடாது, பேசக் கூடாது. மாமன் கட்டுனதைக் குத்தம் சொன்னா சபையில எம் பொறந்த வூட்டு மானம் என்னாவறது?"

பெண் பேசக்கூடாதாம்! எவன் வைத்த சட்டமோ, அவன் வாயில் மண்ணைப் போட. கமலவேணி தலையைக் குனிந்து பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் நாத்தனார்.

முன்னால் மேளம், பின்னால் கார். கடைவீதி முழுக்க ஒரு மணி நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. அக்னி வெயில் வேறு. ஊர் எல்லை தாண்டி மேளம் நின்றபிறகு அய்யாக்கண்ணு வேகம் எடுத்தார். முதுகுக்குப் பின்னால் ஓடுகிற எஞ்சினைக் கமலவேணி கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் விசிறிச் சத்தம் அமுங்கியது. அப்புறம் சில்லறைக் காசைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு சலசலப்பு. அப்புறம் எண்ணெய் கருகும் வாடை. சீட்டு முதுகில் சுட்டது. அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் தோள். தொட்டால் போதும், திரும்பிப் பார்ப்பார். நாத்தனார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமலவேணி மடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

பெரம்பலூருக்கு இன்னும் பத்து மைல் இருந்தது. 'கிறீச்' என்று ஒரு இழுப்பு. வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரே புகை. மாப்பிள்ளை வீட்டு வேனில் வந்தவர்கள் ஓடிவந்து, பூப்பலகையைப் பிய்த்துப் புளியமரத்தடியில் எறிந்துவிட்டார்கள். அய்யாக்கண்ணு கதவைத் திறந்து இறங்கி மூச்சு வாங்கியபடி பின்னால் வருவதற்குள் அங்கே பலகையும் இல்லை, பூவும் இல்லை. கருகின எஞ்சின் மட்டும் இருந்தது.

"பொண்ணு போற வண்டி நடுவழியில நிக்குது. என்ன சகுனமோ" என்று வேனிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றினார்கள்.

"நீ போ கண்ணு. இதைச் சரி பண்ணிட்டுப் பின்னாலயே வந்துடுறேன்" என்றார் அய்யாக்கண்ணு. வேன் கிளம்பியது. தலைத்துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் ரோட்டிலேயே நின்றது, வளைவு வரைக்கும் தெரிந்தது. அவர் வேப்பந்தட்டைக்கு வரவேயில்லை.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தாள். லாரியில் கட்டி இழுத்துவந்த காருக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். மூணு நாளில் மூணு வருஷம் மூத்துவிட்ட உடம்பு. மாமன், மாப்பிள்ளை, நாத்தனார் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். அவளைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"கண்ணு, நிக்கிறதுக்கு முன்னால ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

கமலவேணி நிமிர்ந்தாள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். மாமன் காப்பி டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டது என்று சொன்னால் ஏன் சொல்லவில்லை என்பார்கள். பலகையைச் சொல்ல வேண்டி வரும். மாமன் அப்படியே எழுந்து போவார். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் காதில் குனிந்து கத்தினாள்.

"ஒண்ணும் கேக்கலப்பா."

அவர் நம்பினார். அவள் சொல்லி அவர் எதை நம்பாமல் இருந்திருக்கிறார்? "அப்ப எங் கையிலதான் கோளாறு" என்றார். "பிஸ்டனை இறுக்கமா வெச்சுட்டேனாட்டம் இருக்குது. அஞ்சு வருசம் பண்ணி, அன்னைக்கு ஒரு நாளுக்கு ஆகாமப் போச்சே." தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தப்பா நெனைக்காதீங்க மாப்ளே" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் கட்டிலைச் சுற்றி ஆள் இருந்துகொண்டே இருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டாள்.

ஆடிக்கு அழைத்துப்போவார்கள், அப்போது ஒரு மாசம் அப்பாவோடு இருப்போம், நிதானமாக எல்லாவற்றையும் சொல்லுவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனி இருபத்தாறாம் தேதி பெரம்பலூர் போஸ்டாபீஸிலிருந்து தந்தி வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பட்டறை வாசலில் அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் கார். அவள் முதலில் அந்தக் காரிடம்தான் போனாள். பின்துளைகளில் ஒன்றில் கருகிச் சுருண்ட வாழைமட்டைத் துண்டும் நாலைந்து சாமந்தி இதழும் சிக்கிக்கிடந்தன. விரலை விட்டு எடுத்தாள். அழுதுகொண்டிருந்த சிந்தாமணி அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். துளைகளைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது. உத்திராபதியும் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கமலவேணி பெஞ்சருகே மண்டியிட்டாள். மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்திருந்தார்கள். காதுப் பஞ்சை எடுத்தாள். "என்னடி பண்றே, எடுக்கக் கூடாதுடி" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டாள்.

"கேட்டுச்சுப்பா! ஊரைத் தாண்டுனப்பவே கேட்டுச்சு! நான்தான் சொல்லலை! உங்க கையில கோளாறு இல்லப்பா! வண்டி நல்லாத்தான் இருந்துச்சு!"

ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் அவளோடு சேர்ந்து அழுதார்கள். அவள் திரும்பத் திரும்ப அதையே கத்தினாள், குரல் கட்டுகிற வரைக்கும். வலது காதில்தான் அவருக்குக் கொஞ்சம் கேட்கும். அதனால் வலது காதிலேயே சொன்னாள்.