நல்ல குழாயை ஏன் அறுக்கணும்?

தொண்ணூறுகளில் அடையாறு மருத்துவமனை ஒன்றில், இதய அறுவைக்கு முன் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை குரலிலேயே தெரியும்.

தண்ணீர் லாரி ஓட்டும் ஒல்லி மனிதர் ஒருவர், தன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடியே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட மறுத்தார்.

"அடைச்சது இதயத்துல. நெஞ்செலும்பாண்ட நல்லா கீற ரத்தக்கொழாய ஏம்மா அறுக்கணும்?"

"ரெண்டுலயும் ஒரே ரத்தம்தாங்க ஓடுது. ஆனா அந்த நெஞ்சுக் குழாயோட சுவர்ல ஜீன் வேலை செய்யுற விதமே வேற. லேசுல அடைக்காது. அதான் அதை எடுத்து, அடைப்பைத் தாண்டி இதயத்துல இணைக்கிறோம்."

"எங்க வூட்லயும் ஒரே சோத்தத் துன்னுதான் அண்ணன் தம்பி நாலு பேரு வளந்தோம். குடிக்காதவன் நான் ஒருத்தன். எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டானுங்க," என்று சிரித்துக் கையெழுத்திட்டார்.

இப்போதும் அந்த விளக்கத்தைச் சொல்லும்போது அவர் நினைவு வருகிறது. கூடவே, நான் படிக்க வேண்டும் என்று தன் பள்ளிப் படிப்பை விட்டு வேலைக்குப் போன என் அக்காவின் நினைவும்.