பெல்ஜியம் முயல் ஏலம் போன கதை

படித்தவன் வாயைத் திறக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்கார டாக்டரம்மாவின் வராந்தா அவற்றில் ஒன்று. இது எனக்கு எழுபதுகளின் நடுவில்தான் தெரியவந்தது. அதற்குள் தாமதமாகிவிட்டது.

அந்த அம்மாள் திருப்பதியில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். அவரை வழியனுப்பச் சித்தூரிலிருந்து எங்கள் சர்ச் சபையார் கூட்டமாகப் போயிருந்தோம். வழியனுப்புவது ஒரு காரணம். சாமான்களைத் தானம் செய்கிறார் என்பது இன்னொரு காரணம். ஒருவருக்குப் பிரம்பு நாற்காலி கிடைத்தது. இன்னொருவருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. எனக்குத் தையல் மிஷின் என்று பேச்சு இருந்தது. என் மனைவி அதற்கு வீட்டில் இடம்கூட ஒழித்து வைத்திருந்தாள்.

தோட்டத்தில் கம்பி வேலிக்குள் ஒரு பிராணி ஓடிக்கொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம், வில்லாக வளைந்த முதுகு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளக் கால்கள். "காட்டு முயலு" என்றார் பிரம்பு நாற்காலிக்காரர், நாக்கைச் சப்புக்கொட்டி. நான் சும்மா இருந்திருக்கலாம். நூலகத்தில் கலைக்களஞ்சியம் புரட்டியவனால் அது முடியவில்லை. "இல்லை. இது பெல்ஜியன் ஹேர். பெயரில்தான் காட்டு முயல், பிறப்பில் வீட்டு முயல். மேல்நாட்டில் இதை ஏழையின் பந்தயக் குதிரை என்பார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை அடையாளம் கண்டுகொண்ட முதல் இந்தியன் நான்தானாம். தையல் மிஷின், ஒன்றுமே படிக்காத ஒருவர் வீட்டுக்குப் போனது. முயல் கூடையோடு என் மடிக்கு வந்தது.

சித்தூர் பாசஞ்சரில் எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் கூடையின் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"எக்கட பட்டுக்குன்னாரு சார்?" என்று கேட்டார். எங்கே பிடித்தீர்கள் என்கிறார்.

"பிடிக்கவில்லை. இது பெல்ஜியம்."

"பெல்ஜியமா? தாமலச்செருவு தக்கரா?"

ஆமாம், தாமலச்செருவு பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டேன். பாகாலா வருவதற்குள் அதை எப்படி வறுக்க வேண்டும் என்று பெட்டி முழுவதும் எனக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தது.

வீட்டு வாசலில் மனைவி என் பின்னால் கூலிக்காரர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். "மிஷின் எங்கங்க?" என்றாள். கூடையைத் திறந்தேன். முயல் பின்னங்கால்களில் எழுந்து நின்று அவளை உற்றுப் பார்த்தது. யாரும் தன்னை அப்படி நிமிர்ந்து நின்று பார்த்ததில்லை என்று அவள் பிறகு சொன்னாள். அது எனக்கு வைத்த குத்து. நான் அப்போது எதற்கும் எழுந்திருக்காத ஈசிச்சேர்க்காரன்.

வீட்டிலிருந்த நிஜ ஈசிச்சேர் என் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. பாகாலா ஜங்ஷனில் ரயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். அவரும் முயலை நன்றாகப் பார்த்தார்.

"சதை கம்மி" என்றார். "கிறிஸ்மஸ் வரிக்கும் இருக்கட்டும்."

"மாமா, இது வளக்கற முயலு" என்றாள் மனைவி. "நான் இதுக்கு நல்ல பேரா வைக்கப் போறேன்."

"துன்ற பொருளுக்கு எவனாவது பேர் வைப்பானா? வுடும்மா."

பெயர் வைக்கப்படவில்லை. கிறிஸ்மஸ் மட்டும் நிச்சயமாயிற்று. அதை எப்படித் தள்ளிப்போடுவது என்பது எங்கள் வீட்டில் அந்த வருஷத்துப் பிரச்சினை.

பெல்ஜியம் முயலை வளர்ப்பது என்பது தவறான சொல். அது தானாக வளர்ந்தது, நாங்கள் பின்னால் ஓடினோம். சாதாரண முயல் மூலையில் உட்கார்ந்து மெல்லும். இது கூண்டுக்குள் அரை நாள் இருந்தால் கூண்டையே நடக்க வைக்கும். மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் வந்து திறந்துவிட்டதும் ஆட்டுக்கல்லில் தொடங்கி, கிணற்றைச் சுற்றி, காயப்போட்ட வடாத்தின் மேல் பறந்து, என் செருப்பைத் தாண்டி, ஓடிக்கொண்டே இருக்கும். குக்கர் விசில் அடித்தால் கோழிக்கூண்டின் கூரைக்குத் தாவிவிடும். வெயில் காலத்தில் கூண்டின் மேல் ஈரச் சாக்குப் போட வேண்டும். எனக்கு அந்த வெயிலில் யாரும் ஈரச் சாக்குப் போடவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் மனைவி அதனிடம்தான் சொன்னாள். அது காதை நீட்டிக் கேட்டது. எனக்கு அவ்வளவு நீளக் காது இல்லை.

ஓட்டம் முடிந்ததும் அது ஒரே இடத்தில்தான் நிற்கும்: நைனாவின் ஈசிச்சேருக்கு அடியில். அங்கே எப்போதும் வேர்க்கடலைத் தோல் கிடந்தது. கிறிஸ்மஸுக்காகக் கொழுக்க வைக்கிறார் என்று நானும் மனைவியும் பார்வை பரிமாறிக்கொண்டோம்.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் மனைவி, பூசணிக்காயும் கரும்பும் மட்டும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, இந்த வருஷம் கர்த்தர் படைத்த ஜீவராசிகளும் இருந்தால் அலங்காரமாக இருக்கும் என்றார். மனைவிக்கு முகம் மலர்ந்தது. முயலுக்குச் சீப்பு போட்டு, கழுத்தில் ரிப்பன் கட்டினாள். நானே கூடையைச் சுமந்துபோய் பீடத்துக்கு முன்னால் இருக்கிற ஆல்டர் கிராதிக்கு உள்ளே, பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்தேன்.

அங்கே வைத்தது எதுவும் வீட்டுக்குத் திரும்பாது. ஐயர் அதன்மேல் ஜெபம் பண்ணியதும் அது காணிக்கை. ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். சபையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். நான் ஆசீர்வாதம் முடிந்ததும் பேப்பர் படிக்க டீக்கடைக்குப் போய்விடுகிற ஆசாமி. பாபிலோன்காரர்கள் முதற்பலனை எப்படிச் செலுத்தினார்கள் என்று கேட்டால் விவரமாகச் சொல்வேன். மனைவி வேலூர்ப் பக்கத்துப் பெண், அவர்கள் கோயிலில் காய்கறியோடு சரி. அலங்காரம் முடிந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று என்னைப் போலவே நினைத்தாள்.

பிரசங்க நேரத்தில் முயல் யாரோ படைத்த கொத்துமல்லிக் கட்டை முழுசாகத் தின்று தீர்த்தது. ஐயர் எல்லாவற்றின் மேலும் கை நீட்டி ஜெபித்தார். முயலுக்கும் ஆமென் சொன்னோம்.

வேப்பமரத்தடியில் சபைச் செயலாளர் குரல் கொடுத்தார். "அடுத்தது, டாக்டரம்மா வளத்த பெல்ஜியம் முயலு! சீமைச் சரக்கு!"

நான் ஓடினேன். "இது அலங்காரத்துக்கு வெச்சதுங்க."

"சார், ஐயரு ஜெபம் பண்ணிட்டாரு. இனிமே இது உங்களுது இல்ல, கர்த்தருது. ஓணும்னா நீங்களும் கேளுங்க."

நான் ஐயரைப் பார்த்தேன். ஐயர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

சரக்கைக் காட்ட வேண்டும் என்று செயலாளர் கூடையைத் திறந்தார். அதுதான் அவர் செய்த தவறு. முயல் அவர் தோளுக்கு மேலாகப் போயிற்று. பூசணிக்காய்களைத் தாண்டி, பாடகர் குழுவின் நடுவே புகுந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த பாயைச் சுற்றி வந்தது. சபையே பிடிக்க எழுந்தது. யார் கையிலும் சிக்காமல் ஓடி முடித்து, ஓரத்து பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தது. பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தொங்கவிட்டார். முயல் அதில் மூக்கை வைத்தது.

"புட்சிட்டேன். ஏலத்த நடத்துங்கடா" என்றார்.

ஓட்டத்தைப் பார்த்ததில் மதிப்பு ஏறிவிட்டது. முதல் குரல் மிலிட்டரி ஓட்டல்காரருடையது. கோழி, ஆடு எடுக்க வருஷா வருஷம் இந்த ஏலத்துக்கு வருகிறவர், தெலுங்குக்காரர். நான் அவருக்கு மேலே கேட்டேன். அவர் எனக்கு மேலே கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பை காலியாகும்வரை நான் வீரமாக இருந்தேன். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒரு தரம், ரெண்டு தரம்..."

"அதுக்கு மேல" என்றார் நைனா, பெஞ்சிலிருந்தே. பென்ஷன் வாங்கிய வாரம் அது.

மனைவி முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பினால் வீட்டு அடுப்பு.

ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "தாதா, நீகு பள்ளு உன்னாயா?" தாத்தாவுக்குப் பல் இருக்கிறதா என்று கேட்கிறார். கூட்டமும் சிரித்தது.

"இல்லன்னா முழுங்கறேன். நீ மேல கேளுய்யா" என்றார் நைனா.

ஓட்டல்காரர் கேட்டார். நைனா அதற்கும் மேலே போனார். ஆட்டு விலையைத் தாண்டியதும் ஓட்டல்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு சேவலோடு போய்விட்டார். கர்த்தருக்கு அந்த வருஷம் நல்ல அறுவடை.

வீடு திரும்பினோம். கூடையை நைனா யாரிடமும் தரவில்லை. முற்றத்துக்கு வந்ததும் மனைவி கூண்டின் முன்னால் நின்றுகொண்டாள்.

"மாமா, நான் மசாலா அரைக்கமாட்டேன். இன்னிக்கும் அரைக்கமாட்டேன், கிறிஸ்மஸுக்கும் அரைக்கமாட்டேன்."

"மசாலா இன்னாத்துக்கு?"

"நீங்கதான மாமா சொல்லிக்கினு இருந்தீங்க, கிறிஸ்மஸ் வரிக்கும்னு?"

"அப்போ ஓசி. இப்போ காசு" என்றார் நைனா. "இவ்ளோ பணத்தக் கொட்டி வாங்கினத எவனாவது துன்னுவானா? உன் புருசன் ஓணா துன்னுவான், படிச்சவன். தள்ளிக்கோம்மா, அது தண்ணி குடிக்கட்டும்."

அன்றுமுதல் முயல் அவருடைய சொத்து. மனைவி சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "மாமா, உங்க முயல கொஞ்சம் வுடட்டுமா?" என்று அனுமதி கேட்பாள். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய பச்சைக் கொடியை ஒருதரம் ஆட்டுவார். ஓட்டம் தொடங்கும். கிறிஸ்மஸுக்குக் கோழி அடித்தோம். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு எங்களைப் பூசணிக்காயோடு அனுப்பிவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துகொண்டார். "ஐயரு இந்தப் பக்கம் வந்தா ஜெபம் பண்ணிடுவாரு. நான் கதவ சாத்திக்கினு இருக்கேன்."

பெயரும் அவரே வைத்தார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. சின்ன வயதில் வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. முற்றத்திலிருந்து அவர் கூப்பிட்டால் நாங்கள் இருவருமே தலையைத் தூக்குவோம். வேர்க்கடலை மட்டும் முயலுக்குத்தான்.