பிட்சர் டேலின் தொப்பி

என் கோணல் எழுத்துக்கும் பிழைக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாண்டரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

டெக்சஸில் ஒரு சின்ன ஊர் பேஸ்பால் டீமுக்கு யூனிஃபார்ம் துவைத்துக் கொடுத்தோம். காண்ட்ராக்ட் செல்வம் அண்ணனுடையது, கை என்னுடையது. அந்த டீமில் டேல் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். இருபத்தெட்டு வயது. ஏற்கெனவே நாலு டீம் அவனை அனுப்பிவிட்டது. இதுவும் போனால் அப்பாவின் டயர் கடைதான் என்று அவனே சொல்வான்.

அந்த ஜூனில் திடீரென்று நன்றாக வீச ஆரம்பித்தான். அதுதான் வம்பு. பந்தில் கிரீஸ் தடவுகிறான் என்று பேச்சு வந்தது. தடவினால் பந்து ஏடாகூடமாக வளையும். அது மோசடி.

“முருகேசா, அவன் பாக்கெட்டெல்லாம் திருப்பிப் பாரு. டீம் மேனேஜர் கேக்கறார்,” என்றார் செல்வம் அண்ணன்.

“பாத்துட்டேண்ணே. ஒண்ணுமில்ல.”

“நீ பாத்த லட்சணம்! சாக்ஸ் ஜோடி சேக்கவே உனக்கு ஒரு மணி நேரம். நல்லா செக் பண்ணு.”

பெல்ட், காலர், கையுறை எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். டேல் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் அம்பயர் அவன் தொப்பியைக் கழற்றச் சொல்லி, உள்பட்டையைத் தடவினார். விரல் பளபளத்தது. டேலை வெளியே அனுப்பினார்கள். நான் எதையும் தடவவில்லை என்று கத்திக்கொண்டே போனான். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

மறுநாள் அந்தத் தொப்பி துவைக்க வந்தது. மோந்தேன். தேங்காய் எண்ணெய்.

இவனுக்கு ஏது தேங்காய் எண்ணெய் என்று யோசிக்கும்போதே என் கை என் தலைக்குப் போனது. துவைத்த தொப்பிகளை உருக்குலையாமல் இருக்க டப்பாக்கள் மேல் கவிழ்த்துக் காயவைப்பேன். டேலின் தொப்பி பெரியது, எந்த டப்பாவும் பொருந்தாது. என் தலை பொருந்தும். காயும்வரை நானே போட்டுக்கொண்டு இஸ்திரி போடுவேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் நான் ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை.

செல்வம் அண்ணனிடம் சொன்னேன்.

“மூச்சு விடாதே. காண்ட்ராக்ட் போச்சுன்னா நீயும் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் அமெரிக்கன்யா, எங்கயாவது பொழைச்சுப்பான்.”

மூன்று நாள் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் தனியாக மேனேஜர் அறைக்குப் போனேன். இங்கிலீஷ் வரவில்லை. தொப்பியைத் தலையில் அழுத்தி, கழற்றி, உள்பட்டையை வெள்ளை டவலால் துடைத்து மேஜையில் வைத்தேன். அவர் டவலையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று காலையில்தான் டேலை ரிலீஸ் பண்ணியிருந்தார். சீட்டைக் கிழித்துவிட்டார் என்று அர்த்தம்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன்.

என் எதிரிலேயே டேலுக்கு போன் பண்ணி, திரும்ப டீமுக்கு வரச் சொன்னார். அவன் வர மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த டீமிலும் அவன் பந்து வீசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

துணியில் கறை எப்படி வந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்கள் காண்ட்ராக்ட் போகவில்லை.

2001 ஆகஸ்ட் 12, ஞாயிறு.