சாரதாமணி ஊட்டுத் துணி மெஷின்

கன்னையனுக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு. அது அவன் சம்சாரம் தெய்வாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். சோமனூர் விசைத்தறிக் கொட்டகையிலேயே வயசைத் தொலைத்தவனுக்குக் காது நல்லா இருந்தால்தான் அதிசயம்! அங்கிருந்து திருப்பூர் வந்து சாமியப்பனின் பனியன் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தான். கம்பெனிக்குள் எல்லாரும் கத்தித்தான் பேசியாக வேண்டும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எவன் என்ன சொன்னாலும் வாயசைவைப் பார்த்து "ஆமாங்க" என்று தலையாட்டி ஓட்டிவிட்டான். வீட்டில்தான் தெய்வாத்தாள், "மெதுவாப் பேசுங்க, தெருவே திரும்பிப் பாக்குது" என்று கையைக் காட்டுவாள். இவளுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொள்வான்.

அவனுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. கண் மங்கிப்போன டைலர் வெள்ளியங்கிரியைப் போன தீபாவளியோடு சாமியப்பன் அனுப்பிவிட்டார். "பாவந்தான், அதுக்குக் கம்பெனியென்ன சத்திரமா?" என்றார். சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டிய ஃபிட்டருக்குக் காதே இல்லை என்று தெரிந்தால் விட்டுவைப்பாரா?

அப்போதுதான் அந்தச் சனியன் வந்து சேர்ந்தது. முதலாளி பம்பாயிலிருந்து துணி துவைக்கிற மெஷின் ஒன்றை வரவழைத்து, ஊரையே கூட்டிக் காட்டினார். ஆடி பிறக்கும் முன்னே அது கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. "கன்னையா, ஊட்டுக்குப் போய் என்னன்னு பாரு" என்றார். ஆமாங்க என்றான். வேறென்ன சொல்வான், பாவி!

அன்று மத்தியானம் முதலாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புழக்கடையில் அவர் சம்சாரம் சாரதாமணி மெஷினை ஓட்டிவிட்டாள். கன்னையன் காதை வைத்தான். ஒன்றுமில்லை. திருப்புளியின் முனையை மெஷினிலும் கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலும் வைத்து அழுத்தினான். லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தால்தானே! வேர்த்துக் கொட்டியது. குருட்டாம்போக்கில் பின்தகட்டைக் கழற்றினான், பெல்ட்டை இறுக்கினான், நட்டுகளைத் திருகினான், கிரீஸ் வைத்தான். மறுபடி ஓட்டச் சொன்னான்.

"சத்தம் நின்னுருச்சுங்களா, அம்மிணி?"

சாரதாமணி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து, நிதானமாகச் சொன்னாள்: "நின்னுருச்சுங்க."

கன்னையனின் உள்ளங்கை மெஷின் மேல் இருந்தது. அது தூக்கித் தூக்கிப் போட்டது. மேலே இருந்த சோப்புப் பெட்டி நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தனக்காகப் பொய் சொல்கிறாள், மகராசி.

கிட்டே போய், வாயைக் கையால் மறைத்து, குரலை முடிந்தமட்டும் தாழ்த்தினான். "அம்மிணி, எனக்குக் காது கேக்காதுன்னு முதலாளிகிட்டச் சொல்லிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் பதறிப்போய் இரண்டு கையையும் வீசினாள். மெதுவா, மெதுவா என்று வாய் அசைந்தது. தன்னைத் தேற்றுகிறாள் என்றுதான் நினைத்தான்.

"வேற வேலை எனக்குத் தெரியாதுங்க" என்று இன்னும் ரகசியமாகச் சொன்னான்.

அவள் கண் அவனைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தான். சாமியப்பன் எச்சில் கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

சாமியப்பன் ஏதோ சொன்னார். வாயில் சோறு இருந்ததால் அசைவு பிடிபடவில்லை.

"ஆமாங்க" என்றான் கன்னையன்.