மஞ்சணத்தி வேரும் மஞ்சள் கையும்

காப்பிச் செடியும் மஞ்சணத்தி மரமும் ஒரே குடும்பம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். "ஏத்தா, அது வேலியில மொளைக்கிறது, இது டம்ளர்ல குடிக்கிறது" என்பார் அப்பா. நம்பாவிட்டால் போங்கள்! திண்டுக்கல் சமவெளியில் அந்தக் குடும்பத்து மரமும் புதருமாக எத்தனை வகை இருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சியே. கல்லுக் கரட்டில் காரைமுள், கோயில் நந்தவனத்தில் இட்லிப்பூ, எங்கோ ஒரு கடம்பு, வேலியெங்கும் மஞ்சணத்தி. இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். இரண்டு காம்புகளுக்கும் நடுவில் பொடிசாக ஒரு செதில் இருக்கும். அதைக் கண்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் உண்டு.

அப்படி ஒருநாள் காரைமுள் கிளைகளோடு வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பையைக் கொடுத்து, "செத்த நேரம் பிடிங்க" என்றேன். முள் குத்தியும் பையை விடாமல், "இது என்னங்க செடி?" என்று கேட்டார். கேட்டது போதாதா? செம்பட்டியில் இறங்க வேண்டியவள், அவர் ஊரான ஒட்டன்சத்திரம் வரைக்கும் விளக்கிக்கொண்டே போனேன். இறங்கும்போது எனக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது.

அவருக்கும் அப்படித்தான். ஆனால் அவருடைய அம்மாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. பெரியவர்கள் பார்த்து முடிக்கிற சம்பந்தம்தான் வேண்டும். அதனால் இவர் தன் சித்தியைப் பிடித்தார், சித்தி தரகரைப் பிடித்தார், தரகர் எதுவும் தெரியாதவர்போல என் ஜாதகத்தைக் கொண்டுபோய் நீட்டினார். பொருத்தமும் இருந்தது. பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு முன்பே பழக்கம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் எல்லாம் போச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் வருவதற்கு முதல் நாள்தானா எனக்கு ஆராய்ச்சிக்கு மஞ்சணத்தி வேர் வேண்டும்? கேட்டேன். அவரும் தங்கள் தோட்டத்து வேலியில் தோண்டி, மண்ணைச் சுரண்டி, துண்டு துண்டாக நறுக்கி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ரோஜாப்பூ கொடுக்கிறவனெல்லாம் ஓர் ஆளா! சாயங்காலம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேர்ப்பட்டையை உரித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் பளீர் மஞ்சள். புளி போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். ம்ஹூம்.

காலையில் அம்மா பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "அடிப்பாவி மகளே! மஞ்சக்காமாலைன்னு நெனச்சு ஓடிருவாகடி!" செத்த நேரம் யோசித்தாள். "கை வெளுக்காட்டி என்ன, மத்ததையும் மஞ்சளாக்கிருவோம்."

கல்லில் மஞ்சளை உரசி உரசி முகம், கழுத்து, கை, கால் என்று ஓர் இடம் விடாமல் அப்பினாள். கேட்டால் மங்களகரமாம்! கண்ணாடியைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். அவருடைய அம்மா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தே விட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? இங்க வா கண்ணு." என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்குது."

"மஞ்சப் பூசுனா எங்க பக்கம் இப்பிடித்தாங்க" என்று அம்மா கூசாமல் அடித்துவிட்டாள்.

தப்பித்தோம் என்று அவரிடம் தட்டை நீட்டினேன். மனுஷன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வேண்டாங்க" என்றார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. என்ன பிகு! உங்களுக்காகத்தானே இந்த வேஷம்?

"எடுத்துக்கடா, புள்ள எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று அவர் அம்மா அதட்டினார்.

கை வெளியே வந்தது. மஞ்சள்! என் கைக்கு அண்ணன் மாதிரி மஞ்சள்.

அவருடைய அம்மா அந்தக் கையைப் பார்த்தார், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? "மஞ்சணத்தி வேருங்க. நாந்தாங்க கேட்டேன். காப்பிக் குடும்பமுங்க" என்று உளறிக் கொட்டினேன்.

"வேலியில குழி கெடந்துச்சு" என்றார் அவருடைய அம்மா மெதுவாக. "பன்னி தோண்டிப்போட்டுதுன்னு ராத்திரியெல்லாம் இவனைத்தான் காவலுக்கு உக்கார வெச்சேன்."

முதலில் சிரித்தது என் அப்பா. அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகனை ஒரு முறை முறைத்தார். பைக்குள் கையை விட்டு மல்லிகைச் சரத்தை எடுத்து என் தலையில் வைத்தார்.

"குழியைப் பாத்தாலே தெரியுது, இவனுக்கு மம்பட்டி புடிக்கத் தெரியலைன்னு" என்றார். "இனி வேரு வேணும்னா எங்கிட்டக் கேளு கண்ணு. நான் தோண்டித் தாரேன்."