படுத்த நாட்களின் பட்டியல்

“20.3.1996, புதன். காலை 6.35. சாவியைத் திருப்பியதும் டிக். மறுபடியும் டிக். என்ஜின் அசையவில்லை. ஐந்து பேர் தள்ளி 7.10க்குக் கிளம்பியது. என் பஸ் 7.05க்கே கிளம்பிவிட்டது.”

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியில் டிராக்டரைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு இது. சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. நாளெல்லாம் புத்தகங்களுக்கு எண் போடுகிறவன் வீட்டுக்கு வந்தும் எதற்காவது எண் போடாமல் தூங்க மாட்டான். அந்த வருடம் டிராக்டர் அகப்பட்டது.

வண்டிக்கு அப்போது இருபது வயது. அப்பா உழவு மாடுகளை விற்று வாங்கியது. மாடுகள் போனாலும் அவற்றுக்கிருந்த சலுகைகளை அவர் விற்கவில்லை. எங்கள் பக்கம் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். டிராக்டருக்கும் அன்று விடுமுறை. மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல அப்பாவே மோட்டார் தண்ணீரைக் குழாயில் பிடித்து, அடி வயிறு, தொடை இடுக்கு என்று விடாமல் அடித்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டுவார். அந்தக் குழாயை வேறு யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் ஒழுங்காக விடுப்புக் கிடைத்த ஒரே ஊழியர் டிராக்டர்தான். டிரைவர் அன்றைக்குத் தென்னைக்கு வட்டப்பாத்தி வெட்டுவார்.

டிரைவர் எங்களிடம் ஒன்பது வருடமாக இருந்தார். கிணற்று மேட்டுச் சாளை வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். இரண்டு பெண்களும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வண்டி படுக்கும் ஒவ்வொரு காலையும் அப்பாவின் பார்வை முதலில் என்ஜின் பக்கம் போகாது. அவர் பக்கம்தான் போகும். வேலைக்கு உடம்பு வணங்காமல் ஏதோ வயரை உருவிவிடுகிறார் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. ஆதாரம் கேட்டதற்கு, வண்டி படுத்த அன்று அவர் இரண்டு தடவை டீ குடித்தார் என்றார்.

சூலூரிலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னோம். நாளைக்கு வருகிறேன் என்றால் மூன்றாம் நாள் வருவது அவர் வழக்கம். வந்ததும் சாவியைத் திருப்புவார். வண்டி பள்ளிக்கூடப் பிள்ளை இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே திருப்பில் கிளம்பும்.

“ஏனுங்க, கல்லாட்ட இருக்கற வண்டிக்கு என்னைய எதுக்குங்க பஸ்ஸேத்தறீங்க?” என்பார். ஆனாலும் வந்ததற்கு மரியாதையாக ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட்டுப் போவார். அப்படிப் புது பேட்டரி வந்தது, தடித்த வயர் வந்தது, சாவி போடும் சுவிட்சும் மாறியது. டிக் மட்டும் பழையதாகவே இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. டைரியிலிருந்து ஒரு பட்டியல் தயாரித்தேன்: தேதி, கிழமை, நேரம், டீசல் அளவு, முந்தைய நாள் வேலை. புதன்கிழமைதான் காரணம் என்று ஒரு மாதம் நம்பினேன். டீசல் பாதிக்குக் குறைந்தால் படுக்கிறது என்று அடுத்த மாதம் நிரூபித்தேன். டீசலுக்கும் அந்த டிக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று டிரைவர் பணிவாகச் சொன்னார். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் அப்பா வைத்தியத்தைத் தன் கையில் எடுத்தார். கண் பட்டிருக்கிறது, அமாவாசை மட்டும் போதாது, இனி வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பாட்டிப் பூஜை. பலன் உடனே தெரிந்தது. மாதம் ஒரு முறை படுத்த வண்டி வாரம் ஒரு முறை படுத்தது. அப்பா இதிலிருந்து எடுத்த முடிவு, டிரைவரின் திமிர் ஏறிவிட்டது என்பது. பல்லடத்துப் பக்கம் வேறு ஆளிடம் பேசியும்விட்டார். ஆவணி முடிந்ததும் இவர் சாளையைக் காலி செய்ய வேண்டும்.

அந்தச் செய்தி கேட்ட இரவு பட்டியலை மறுபடி எடுத்தேன். ஆடி பிறந்த பிறகு படுத்ததெல்லாம் சனிக்கிழமை, வெள்ளிக் குளியலுக்கு மறுநாள். அதற்கு முன்னால் படுத்தவற்றில் ஒழுங்கே தெரியவில்லை. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. நான் தாள்களைக் கிழித்தாலும் எறியாதவன். மார்ச் மாதத்துத் தாளைத் தேடி எடுத்தேன். பத்தொன்பதாம் தேதி கறுப்பு வட்டம், அமாவாசை. அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படியே, வட்டத்துக்கு மறுநாள் அல்லது அதற்கு மறுநாள். சித்திரையில் மட்டும் படுக்கவில்லை. அந்த வெயிலில் எதுதான் காயாது? ஆறு மாதம் நான் ஆங்கிலத் தேதியில் எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி பஞ்சாங்கம் பார்த்துப் படுத்திருக்கிறது.

செப்டம்பர் ஆறு வெள்ளிக்கிழமை. அப்பா குழாயை எடுப்பதற்கு முன் நானும் டிரைவரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தலையில் இருக்க வேண்டிய ரப்பர் மூடியைக் காணோம். எப்போது போனதோ, பிளந்த வாயோடு வாரம் தவறாமல் அபிஷேகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். அன்றைக்கு மெக்கானிக் வந்து சேர்வார். உரச்சாக்கின் உள்பையைக் கிழித்து அதன்மேல் சுற்றிக் கட்டினோம். அப்பா வழக்கம்போலக் குளிப்பாட்டியும் சனிக்கிழமை காலை ஒரே திருப்பில் கிளம்பியது.

இனி இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் செய்த பூஜையால்தான் வண்டி படுத்தது என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டு அங்கேயே மத்தியானச் சோறு சாப்பிட முடியாது. பட்டியலைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, கோடு போட்டு, அவர் முன் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார்.

“அப்ப சாமி கும்பிட்டதுதான் தப்புங்கறயா கண்ணு?”

வாசலில் நின்ற டிரைவர்தான் பேசினார்.

“ஏனுங்க, வயசான மாட்டை யாருங்க தண்ணியூத்திக் கழுவறாங்க? சளி புடிச்சுப் படுத்துக்குமுங்க. ஈரத்துணியில தொடச்சு உட்டுப்போட்டுப் பொட்டு வெப்பமுங்க. இதுக்கும் இருவது வயசாச்சுங்களே.”

அப்பா எழுந்து போய் டிராக்டரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார். பிறகு, மாட்டைப் பற்றித் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருத்தனாவது இருக்கிறானே என்றார். அந்தக் குத்து எனக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை குழாய் வரவில்லை, ஈரத்துணி வந்தது. பல்லடத்து ஆளுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பினார். ஒன்பது வருட ஆளைச் சந்தேகப்பட்டதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னதாக டைரியில் குறிப்பு இல்லை. அவர் சொல்லியிருந்தால் நான் எழுதாமல் விட்டிருக்க மாட்டேன்.

அப்பாவிடம் நீட்டிய பிரதியைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மூல டைரியில் உள்ள ஒரு வரி அதில் கிடையாது. “23.5.1996, வியாழன். காலை 6.20. டிக்.” அதற்கு முந்தைய அமாவாசை பதினேழாம் தேதி; ஆறு நாள் வெயிலில் எல்லாம் காய்ந்திருக்கும். அந்த வாரம் மழையும் இல்லை. வண்டி படுத்ததால் டிரைவருக்கு அன்று வேலை இல்லை; ஒன்பது மணிக்கு அவருடைய மூத்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் மே மாதம் பள்ளிக்கூடமே கிடையாது என்று உறைத்தது. அவருடைய மச்சினனுக்கு ஈரோட்டில் கல்யாணம் நடந்தது அந்த முகூர்த்தத்தில்தான் என்று அவர் மனைவி ஒரு முறை சொன்னதாக ஞாபகம். கல்யாணப் பத்திரிகை என் கைக்குக் கிடைக்கவில்லை. அவரிடமும் நான் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.